3,501-ஆவது மைல்

(லண்டனில் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அழைத்தவர்கள் எனக்கு "மருத்துவத் துறையில் நம்மவர்" என்று ஒரு தலைப்பைக் கொடுத்தார்கள். நான் மருத்துவர் இல்லை, செவிலியரும் இல்லை. மருத்துவத் துறையில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் மைலேஜ், அதைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கார் வாங்குவது பற்றியா அண்ணா?" என்று ஒரு தம்பி தயங்கிக் கேட்டார்.

அவர் மேல் தப்பில்லை. நம் ஊரில் ஒரு டீக்கடை வாசலில் புது பைக்கை நிறுத்தினால் வரும் முதல் கேள்வி, "எவ்வளவு மைலேஜ் கொடுக்குது?" என்பதுதான். கணக்கைக் கிலோமீட்டரில் சொல்வோம், பெயர் மட்டும் மைலேஜ். அது வண்டி கொடுப்பது. இந்த நாட்டுக்கு வந்து ஒரு மருத்துவ டிரஸ்டின் சம்பளப் பிரிவில் சேர்ந்த முதல் வாரம், என் மேசைமேல் ஒரு கட்டுப் படிவத்தை வைத்து, "இதெல்லாம் மைலேஜ், வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடு" என்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கே மைலேஜ் என்பது முதலாளி கொடுப்பது. சொந்தக் காரை வேலைக்காக ஓட்டுகிறவருக்கு மைலுக்கு இத்தனை பென்ஸ் என்று தரும் படி.

வண்டி கொடுக்கும் மைலேஜுக்கும் முதலாளி கொடுக்கும் மைலேஜுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அதில் விழுகிற காசு யாருடையது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். கணக்கு கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். குமாஸ்தாவைக் கூப்பிட்டால் கணக்குதான் வரும்.

யார் இப்படி ஓட்டுகிறார்கள்? டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் என்று சொல்லும் சமூகச் செவிலியர், மகப்பேறு பார்க்கும் மிட்வைஃப், பக்கவாதம் வந்தவருக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட், மனநலச் செவிலியர். காலையில் ஒருவருக்கு இன்சுலின், அடுத்த ஊரில் ஒருவருக்குக் கால் புண்ணுக்குக் கட்டு, அதற்கடுத்து புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு வலிமருந்துப் பம்பு. இவர்கள் போகாவிட்டால் அந்த நோயாளிகள் ஆம்புலன்ஸ் ஏறி மருத்துவமனைக்குத்தான் வரவேண்டும்.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. 1859-இல் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், சாகும் தறுவாயில் இருந்த தம் மனைவியைப் பார்த்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற செவிலியரையே ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பிச் சம்பளம் கொடுத்தார். அங்கிருந்துதான் தொடங்கியது. "டிஸ்ட்ரிக்ட்" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பெண் கையில் பையோடு ஒரு நாளில் நடந்து திரும்பக்கூடிய வட்டாரத்துக்கு மேல் அன்று அது பெரிதாக இருந்திருக்க முடியாது. பிறகு சைக்கிள் வந்தது, வட்டாரம் அகன்றது. கார் வந்தது, இன்னும் அகன்றது. இன்றைக்கு நாட்டுப்புறத்தில் ஒரு செவிலியர் கையில் இருக்கும் பட்டியலைக் காரை எடுத்துவிட்டுப் பார்த்தால் அதில் பாதி வீட்டைக்கூட எட்ட முடியாது. சேவையைத் திட்டமிடுகிறவர்கள் அந்தக் காரை வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். கார் மட்டும் அவருடையது.

மருத்துவமனையில் வேலை செய்யும் செவிலியர் ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குத் தாழ்வாரத்தில் நடக்கிறார். அந்தத் தாழ்வாரத்துக்கு அவர் வாடகை கட்டுவதில்லை, விளக்குக்கு மின்கட்டணம் கட்டுவதில்லை. சமூகச் செவிலியருக்குச் சாலைதான் தாழ்வாரம். அதில் நடக்க அவர் முதலில் தம் காசைப் போட்டுவிட்டு, மாதக் கடைசியில் படிவம் எழுதி, அடுத்த மாதச் சம்பளத்தோடு திரும்ப வாங்கிக்கொள்கிறார். சலுகை என்றும், கூடுதல் வருமானம் என்றும் இதை நினைக்கிறவர்களை நான் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். கடன் கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுப்பது எப்படிச் சலுகையாகும்?

இனி அந்த எண்களுக்கு வருகிறேன். என்.ஹெச்.எஸ். என்னும் அரசு மருத்துவச் சேவையின் ஊழியர்களுக்கான தேசிய ஒப்பந்தத்தில் 17-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 2013 ஜூலையில் அதன்படி மைலுக்கு 67 பென்ஸ், அதுவும் ஆண்டில் முதல் 3,500 மைலுக்கு மட்டும். அதைத் தாண்டினால் 24 பென்ஸ். அடுத்த ஜூலையில், 2014-இல், அது 56 பென்ஸும் 20 பென்ஸுமாக இறங்கியது. அந்த 56-உம் 20-உம் எட்டு வருஷத்துக்கு மேல் அசையவில்லை.

எல்லோரும் பார்த்தது 56 என்ற எண்ணைத்தான். நல்ல தொகையாகத் தெரிந்தது. வரித்துறை அனுமதிக்கும் 45 பென்ஸைவிட 11 கூட. செய்தித்தாளில் அந்த எண்தான் வந்தது, கூட்டங்களில் அந்த எண்ணைத்தான் சொன்னார்கள். என் மேசையிலிருந்து பார்த்தால் விஷயம் அந்த இரண்டாவது எண்ணில்தான் இருக்கிறது. 3,501-ஆவது மைலில் என்ன நடக்கிறது?

விதியை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. கார் வைத்திருப்பதில் இரண்டு வகைச் செலவு. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வருகிற செலவு ஒன்று: காப்பீடு, சாலை வரி, வண்டியின் மதிப்பு தேய்வது. ஓட்டினால் மட்டும் வருகிற செலவு மற்றொன்று: பெட்ரோல், டயர், ஆயில், பிரேக். முதல் வகையை 3,500 மைலுக்குள் பரப்பிக் கொடுத்துவிட்டோம், அதற்குமேல் ஓடுகிற மைலுக்கு ஓட்டச் செலவு மட்டும் போதும் என்பது தர்க்கம். காகிதத்தில் பிழையில்லை. 2014 ஜூலையில் பெட்ரோல் லிட்டர் 131 பென்ஸ் வாக்கில் இருந்தது. ஒரு காலன் என்பது 4.546 லிட்டர். காலனுக்கு 40 மைல் ஓடுகிற சிறிய கார் என்று வைத்துக்கொண்டால், மைலுக்குப் பெட்ரோல் மட்டும் 15 பென்ஸ். மீதி 5 பென்ஸ் டயருக்கும் பிரேக்குக்கும். இழுத்துப் பிடித்தால் கட்டும். 2020 மே மாதம், ஊரெல்லாம் அடைத்துக் கிடந்தபோது, லிட்டர் 106 அளவுக்கு இறங்கியது. மைலுக்கு 12 பென்ஸ். அந்தச் சமயத்தில் யாரும் முணுமுணுக்கவில்லை. அந்த மாதங்களில் அவர்களுக்கு முணுமுணுக்க வேறு விஷயங்கள் இருந்தன.

2022 பிப்ரவரி 24-ஆம் தேதி ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. அதற்கு முன்பே ஏறிக்கொண்டிருந்த விலை அதன்பிறகு பறந்தது. மார்ச் 23-ஆம் தேதி நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக் எரிபொருள் தீர்வையில் 5 பென்ஸ் குறைத்தார். 57.95 என்பது 52.95 ஆனது. பம்பில் அது தெரியக்கூட இல்லை. ஜூலை தொடக்கத்தில் பெட்ரோல் சராசரியாக லிட்டர் 191 பென்ஸைத் தாண்டி நின்றது, டீசல் 199. 55 லிட்டர் தொட்டியை நிரப்ப 100 பவுண்டுக்கு மேல். அதே 40 மைல் காரில் இப்போது மைலுக்குப் பெட்ரோல் மட்டும் 21.7 பென்ஸ்.

அதாவது 3,501-ஆவது மைலிலிருந்து, டிரஸ்ட் கொடுத்த 20 பென்ஸ் பெட்ரோலுக்கே பற்றவில்லை. டயரை விடுங்கள், பிரேக்கை விடுங்கள். ஒவ்வொரு மைலுக்கும் கைக்காசு ஒன்றே முக்கால் பென்ஸ். 40 மைல் என்பதும் நெடுஞ்சாலைக் கணக்கு. தெருத்தெருவாக நின்று நின்று போகிற வண்டிக்கு 35 கிடைத்தால் அதிர்ஷ்டம். அப்போது மைலுக்கு ஏறக்குறைய 25 பென்ஸ், கைநஷ்டம் 5.

ஒருவர் ஒரு நாளைக்கு 40 மைல், ஆண்டுக்கு 220 நாள் ஓட்டுகிறார் என்று வைப்போம். 8,800 மைல். ஐந்து மாதத்துக்குள்ளேயே 3,500-ஐக் கடந்துவிடுவார். மீதி ஏழு மாதம் இரண்டாவது எண்ணில்தான் பிழைப்பு. அன்றைய கணக்கில் மொத்தம் கிடைத்தது 3,020 பவுண்டு, சராசரி மைலுக்கு 34 பென்ஸ். அந்த 56 எங்கே போயிற்று? நகரத்தில் 2,000 மைல் ஓட்டியவருக்கு அது முழுதாகக் கிடைத்தது. கிராமப்புறத்தில் 8,800 ஓட்டியவருக்குக் கரைந்துவிட்டது. யார் அதிகம் ஓட்டுகிறாரோ அவருக்கு அதிகம் அடி. தூரத்து ஊர்களில் பெட்ரோல் விலையும் கூட என்பது அரசாங்கத்துக்குத் தெரியாததல்ல. ஹெப்ரிடீஸ், ஓர்க்னி, ஷெட்லாந்து, சில்லி தீவுகளில் 2012 முதல் லிட்டருக்கு 5 பென்ஸ் தீர்வைச் சலுகை இருக்கிறது. தூரத்துக்கென்று ஒரு கணக்கு வேண்டும் என்று தீர்வைத் துறைக்குப் புரிந்தது, படிக் கணக்குப் போட்டவர்களுக்கு மட்டும் புரியவில்லை.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், இதுதான் எனக்கு எரிச்சலூட்டுவது. 191 பென்ஸ் லிட்டரில் தீர்வை 52.95. அதற்கும் சேர்த்து 20 சதவீத வாட் 32 பென்ஸுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் 85 பென்ஸ் வாக்கில். மைலுக்குப் பார்த்தால் ஏறக்குறைய 10 பென்ஸ். அரசாங்கத்தின் ஒரு கை செவிலியருக்கு 20 பென்ஸ் கொடுத்தது. பம்பில் நிற்கும் மறுகை அதில் பாதியை வாங்கிக்கொண்டது. விலை ஏற ஏற வாட் வரும்படியும் ஏறும். படி மட்டும் ஏறாது.

ஏன் ஏறவில்லை? விதியிலேயே வழி இருந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை, வசந்தத்தில் ஒன்று, நவம்பரில் ஒன்று, என்று பரிசீலிக்க வேண்டும். நம் ஊர் அகவிலைப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் ஏறுகிற மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். என் அப்பா அரசு ஊழியர். பஞ்சப்படி என்றுதான் சொல்வார். அந்த அறிவிப்பு வரும் நாளில் வீட்டில் கேசரி. இங்கே அப்படி இல்லை. கடந்த பன்னிரண்டு மாதத்தின் சராசரி எரிபொருள் விலையைப் பார்ப்பார்கள். மாற்றம் 5 சதவீதத்தைத் தொட்டால்தான் எண் அசையும். விலை மெதுவாக ஏறும் காலத்துக்கு இது நல்ல ஏற்பாடு. மூன்றே மாதத்தில் விலை குதித்தால், அந்தக் குதிப்பைப் பின்னால் இருக்கும் ஒன்பது மலிவான மாதங்கள் அமுக்கிவிடும். சராசரி என்பது அப்படிப்பட்டது. ஆற்றின் சராசரி ஆழம் மூன்றடிதான் என்று நம்பி இறங்கியவன் கதை உங்களுக்குத் தெரியும்.

யூனிசன் போன்ற தொழிற்சங்கங்கள் விடாமல் கேட்டன. ஸ்காட்லாந்தில் 2022-இல் தற்காலிகமாக மைலுக்கு 5 பென்ஸ் கூட்டினார்கள். இங்கிலாந்தில் டிரஸ்டுக்கு டிரஸ்ட் வேறுபட்டது. சிலர் தாங்களாகவே கூட்டினார்கள், சிலர் மேலிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாடு முழுவதற்கும் எண் மாறியது 2023 ஜனவரி 1-ஆம் தேதி: 59 பென்ஸ், 24 பென்ஸ். அந்த ஜனவரியில் பெட்ரோல் 150-க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டிருந்தது. மைலுக்கு 17 பென்ஸ். ஆக, 22 பென்ஸ் செலவானபோது 20 கொடுத்தார்கள், 17 செலவானபோது 24 கொடுத்தார்கள். இதைச் சரிக்கட்டலாம் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். மொத்தத்தில் சமமாகிவிடும் என்றார். கணக்குப் புத்தகத்தில் ஆகலாம். ஜூலையில் 105 பவுண்டுக்குத் தொட்டி நிரப்பிய பெண்ணுக்கு ஜூலை வாடகையை ஜனவரியில் கட்ட முடியுமா?

வரித்துறையின் 45 பென்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. இது என்.ஹெச்.எஸ்.ஸுக்கு மட்டுமல்ல, எல்லா முதலாளிக்கும் பொதுவான அளவு. மைலுக்கு 45 பென்ஸ் வரை கொடுத்தால் அதற்கு வரியில்லை. 10,000 மைலுக்கு மேல் 25. இந்த 45 வந்தது 2011 ஏப்ரலில், அதற்கு முன் 40. பெட்ரோல் 106-க்கு இறங்கியபோதும் 45, 191-க்கு ஏறியபோதும் 45. இதில் ஒரு வேடிக்கை. அன்றைய 56-20 கணக்கில் ஆண்டுக்கு 5,040 மைலுக்குக் கீழே ஓட்டிய செவிலியருக்குக் கிடைத்தது 45-ஐத் தாண்டியது, தாண்டிய தொகைக்கு வரி பிடித்தோம். 5,040-க்கு மேலே ஓட்டினால் கிடைத்தது 45-க்குக் கீழே போனது, அந்தக் குறைவுக்கு அவர் வரிச்சலுகை கேட்கலாம். வரி பிடிப்பது தானாக நடக்கும். சலுகையை அவரேதான் படிவம் போட்டுக் கேட்க வேண்டும். 8,800 மைல் ஓட்டிய நம் ஆளுக்கு 188 பவுண்டு வரவேண்டும். எத்தனை பேர் கேட்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தப் படிவம் எங்கள் அலுவலகத்துக்கு வராது. ஆனால் தேநீர் நேரத்தில் நான் கேட்ட செவிலியர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

இப்போது இந்த அறையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு வருகிறேன். 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் விசா திறந்தார்கள். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பேர் வந்தீர்கள். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுக்கிற வேலை. "சொந்தக் கார் இருக்க வேண்டும்" என்று பலருக்குச் சொல்லியிருப்பார்கள். நம் ஊர் லைசென்ஸ் இங்கே பன்னிரண்டு மாதம்தான் செல்லும். அதற்குள் இங்கே தேர்வு எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். காப்பீட்டில் பிசினஸ் யூஸ் என்று சேர்க்க வேண்டும், இல்லாமல் நோயாளி வீட்டுக்குப் போகிற வழியில் இடித்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். இதற்கெல்லாம் போட்ட காசு உங்களுடையது.

உங்களுக்கு 17-ஆவது பிரிவும் கிடையாது, அதன் எண்களும் கிடையாது. நீங்கள் வேலை செய்வது தனியார் ஏஜென்சிக்கு. அவர்கள் 45 கொடுக்கலாம், 25 கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம், மைலுக்கு இத்தனை என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் சட்டம் தரும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரம் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் வேலை நேரம்தான். அதைப் "பயணம்" என்று கழித்துவிட்டால் கேளுங்கள். இரண்டு, 45-க்கும் உங்களுக்குக் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளிக்கு வரிச்சலுகை. 25 கொடுக்கிறார்கள் என்றால் இடைவெளி 20. அதில் அடிப்படை வரி 20 சதவீதம், மைலுக்கு 4 பென்ஸ். 6,000 மைல் ஓடியிருந்தால் 240 பவுண்டு. நான்கு ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்கலாம். 12,570 பவுண்டுக்குக் கீழே சம்பாதித்து வரியே கட்டாதவருக்கு இது கிடையாது. வரி கட்டாதவருக்குத் திருப்பித் தர என்ன இருக்கிறது என்பது வரித்துறையின் வாதம். மிகக் குறைவாகச் சம்பாதிக்கிறவருக்குத்தான் ஒன்றுமில்லை என்று ஆகிறது, பாருங்கள்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்ல வேண்டும். என்.ஹெச்.எஸ். பணம் ஒரே பானைதான், மைலேஜுக்கு எடுத்தால் வார்டில் குறையும் என்பார்கள். சரி. ஆனால் அந்தப் பானையில் குறைவதைச் செவிலியர் வீட்டுப் பானையிலிருந்து நிரப்பலாம் என்று யார் முடிவு செய்தது? மின்சாரக் காருக்கு மாறச் சொல்லுங்கள் என்பார்கள். வீட்டு வாசலில் நிறுத்திச் சார்ஜ் போட இடமிருப்பவருக்கு அது நல்ல யோசனை. அலுவலகப் பொதுக் காரைக் கொடுக்கலாம் என்பார்கள், நகரத்துக்கு அது பரவாயில்லை. நான் கேட்பது பெரிய தொகைகூட இல்லை. அந்த இரண்டாவது எண்ணை மட்டும் பன்னிரண்டு மாதச் சராசரியோடு கட்டாமல், பம்பு விலையோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டுங்கள். ஏறினால் ஏறட்டும், இறங்கினால் இறங்கட்டும். வரித்துறையே கம்பெனிக் கார்களுக்கு அப்படித்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எரிபொருள் அளவை மாற்றுகிறது. கம்பெனிக் காரில் போகும் மேலாளருக்குச் செய்ய முடிந்த கணக்கை இவர்களுக்கு ஏன் செய்ய முடியவில்லை?

கடைசியாக ஒரு படிவம். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். பல வருஷமாக என் மேசைக்கு வந்த ஒரு செவிலியரின் படிவம். எழுத்து அழகாக இருக்கும், தூரம் ஒரு மைல்கூடப் பிசகாது. நான்தான் பிசகு தேடுவேன். வீட்டிலிருந்து நேராக முதல் நோயாளியிடம் போயிருந்தால், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும் என்பது விதி. அவர் மறந்திருந்தால் சிவப்பு மையில் கழிப்பேன். அவ்வளவு கறாரான ஆள் நான்.

அவர் படிவத்தில் வாரத்தில் இரண்டு மூன்று நாள், மாலை நாலேகாலுக்கு, ஒரு வரி இருக்கும். காலையில் போன ஒரு வீட்டின் அஞ்சல் குறியீடே மறுபடி. பதினொரு மைல். பட்டியலில் இல்லாத பயணம், "மீண்டும் பார்த்தேன்" என்று மட்டும் எழுதியிருப்பார். நான் ஒருமுறை ஃபோன் செய்து இது தேவையா என்று கேட்டேன். "தனியாக இருக்கிறார், காலையில் போட்ட கட்டு சாயங்காலம் வரை நிற்காது" என்றார். ஒப்புக்கொண்டேன்.

2022 ஜூன் படிவத்தில் அந்த வரி ஒரே ஒரு முறை இருந்தது. ஜூலையில் இல்லை. நோயாளிகள் எண்ணிக்கை அதேதான், மைல் மட்டும் குறைந்திருந்தது. சம்பளப் பிரிவின் பார்வையில் அது சேமிப்பு. அந்த மாதம் எங்கள் பிரிவின் மைலேஜ் செலவு குறைந்திருக்கிறது என்று ஒரு கூட்டத்தில் நல்ல செய்தியாகச் சொன்னார்கள். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

2023 பிப்ரவரியில், 24 பென்ஸ் கணக்கில் முதல் படிவங்கள் வந்தபோது, முதலில் அவருடையதைத்தான் எடுத்தேன். நாலேகால் மணி வரி இல்லை. மேலே தேடினேன். காலைப் பட்டியலிலும் அந்த அஞ்சல் குறியீடு இல்லை.

தேநீர் தயாராகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். அந்த வரிச்சலுகை கேட்கும் பி87 படிவம் கொஞ்சம் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன், அந்தப் பின்வரிசை மேசையில் இருக்கிறது. யார் எத்தனை மைல் ஓட்டினீர்கள் என்ற குறிப்பு ஃபோனில் இருந்தால் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து நிரப்பிவிடுவோம். பேனா என்னிடம் இருக்கிறது, நீலம்தான்.